ஒரு மணி நேரத்துல சதுர்த்தி சமையலாம்!

சதுர்த்தி முடிஞ்சு பிள்ளையாரைக் கரைச்சும் ஆச்சு. அந்த வீடியோ மட்டும் என் டைம்லைனை விட்டுக் கரையமாட்டேங்குது. ஒருத்தர் சதுர்த்திச் சமையல் மொத்தத்தையும் ஒரு மணி நேரத்துல முடிச்சுக் காட்டற வீடியோ. கடிகாரத்தைக் காட்டி ஆரம்பிச்சு, கடிகாரத்தைக் காட்டியே முடிச்சது. நடுவுல தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை, உளுந்துக் கொழுக்கட்டை, மெதுவடை, பாயசம், சுண்டல், சாதம், பருப்பு, சாம்பார், ரசம்னு இலை கொள்ளாத சமையல். "அவ்வளவுதாங்க, ஒரே மணி நேரம். இதுக்குப் போய் வீட்டுல முந்தின நாள்ல இருந்து புலம்புறாங்க"ன்னு கடைசியில ஒரு சிரிப்பு வேற.

சமைச்சவர் மேல எனக்குக் கோபம் இல்லை. (கொஞ்சம் இருக்கு.) அதுக்குக் கீழ போய், "பாத்துக் கத்துக்கோ"ன்னு மனைவியை டேக் பண்ணியிருக்காங்களே, அந்த அண்ணன்மாருக்குத்தான் இந்தப் பதிவு.

ஒரு மணி நேரத்துல ஆகாது. முதல்ல இதைச் சொல்லிடறேன். நடுவுல மறந்தா மறுபடியும் சொல்றேன்.

வீடியோவோட முதல் காட்சியை நிறுத்திப் பாருங்க. ஒரு கிண்ணத்துல கருப்புக் கொண்டைக்கடலை ஊறி உப்பி உட்கார்ந்திருக்கு. கொண்டைக்கடலை ஊற எட்டு மணி நேரம் வேணும். அப்போ முந்தின ராத்திரி யாரோ ஒருத்தர் தூங்கப் போறதுக்கு முன்னாடி அதை ஞாபகம் வச்சுக் கழுவிப் போட்டிருக்காங்க. இன்னொரு கிண்ணத்துல உளுந்து. அது ஒரு மணி நேரம். தேங்காய் துருவி ரெடியா இருக்கு, வெல்லம் பொடிச்சு ரெடியா இருக்கு, அரிசி மாவு சலிச்சு ரெடியா இருக்கு. அடுப்பு துடைச்சிருக்கு, இலை கழுவி நுனி இடப்பக்கம் வர்ற மாதிரி போட்டிருக்கு. இதெல்லாம் தானா நடந்துடுச்சு, ஏன்னா கடிகாரம் அதுக்கப்புறம்தானே ஓட ஆரம்பிச்சது!

சரி, அதை விடுங்க. எல்லாம் தயாரா இருந்தாலும் ஆகாது. கணக்குப் போட்டே காட்டறேன்.

நிறைய வீட்டுல தேங்காய்ப் பூரணம் 21, உளுந்துப் பூரணம் 21 பிடிப்பாங்க. மொத்தம் 42. பழகின கைக்கு ஒரு கொழுக்கட்டைக்கு மாவைக் கிண்ணம் மாதிரி சொப்பு செஞ்சு, பூரணம் வச்சு, மூட ஒன்றரை நிமிஷம். 42-ஐ ஒன்றரையால பெருக்குங்க, 63 நிமிஷம். உங்க ஒரு மணி நேரம் சொப்பு செய்யறதுலேயே தீர்ந்துபோச்சு. இட்லிப் பானையில ஒரு ஈடுக்கு, அதாவது ஒரு தடவைக்கு, பத்துதான் இடிக்காம வைக்க முடியும். ஒரு ஈடு வேக எட்டிலிருந்து பத்து நிமிஷம். அஞ்சு ஈடு. இன்னும் வடைக்கு எண்ணெய் காயலை, சாதம் வைக்கலை. வீட்டுல இருக்கறது ரெண்டு பர்னர் அடுப்பு. அதுல ஒண்ணு கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் இட்லிப் பானைக்கே போயிடும்.

"அச்சு இருக்கே, அதுல போட்டா வேகமா ஆகுமே"ன்னு கேட்பீங்க. ஆகும், ஒத்துக்கறேன். அச்சுல எண்ணெய் தடவி மாவை ஓரமா அழுத்திப் பூரணம் வச்சு மூடினா நேரம் பாதியாகும். ஆனா அச்சும் உள்ளே வச்ச மாவு சரியா இருந்தாத்தான் வேலை செய்யும். மாவுதான் இங்கே எல்லாமே. அந்த வீடியோவுல நாலு நொடியில தாண்டிப் போனதும் அதைத்தான்.

மாவைப் பத்தி யாரும் ஒழுங்கா அளவு சொல்றதில்லை. கேட்டா "அதெல்லாம் கைராசி"ம்பாங்க. ராசியும் இல்லை, வரமும் இல்லை. அரிசி மாவுக்குக் கோதுமை மாதிரி இழுவை கிடையாது. கொதிக்கிற தண்ணியில வெந்து வர்ற பசைதான் அதைச் சேர்த்துப் பிடிக்குது. தண்ணி தளதளன்னு கொதிக்கலைன்னா மாவு வேகாது, வேகலைன்னா பசை வராது, சொப்பு செய்யும்போதே ஓரம் வெடிக்கும். இவ்வளவுதான் சூட்சுமம்.

செய்யற விதம் இதுதான். மாவு பச்சரிசின்னே கடையில கேட்டு வாங்குங்க. 2 மணி நேரம் ஊறட்டும். வடிச்சுத் துணியில நிழல்ல பரப்பி அரை மணி நேரம் விடுங்க. கையில அள்ளினா அரிசி கையில ஒட்டணும், தண்ணி தெரியக்கூடாது. ரொம்பக் காஞ்சுட்டா மாவு நரநரக்கும், ஈரம் கூடினா மிக்ஸியில அப்பிக்கும். அரைச்சு, மெல்லிசு சல்லடையில சலிச்சு, சல்லடையில நிக்கற கப்பியை மறுபடி அரைங்க. இந்த ஈர மாவு ஒரு டம்ளருக்குத் தண்ணி ஒரு டம்ளர், அதுக்கு மேல ரெண்டு கரண்டி தேவைப்பட்டா. கடையில வாங்கற காஞ்ச மாவுன்னா ஒன்றரை டம்ளர் குடிக்கும், சில மாவு ரெண்டு வரைக்கும் கேட்கும். பாக்கெட் மாவு வாங்கிட்டு ஈர மாவு அளவுக்குத் தண்ணி வைக்கறதாலதான் பாதி வீட்டுல கொழுக்கட்டை வெடிக்குது.

தண்ணியில உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். நல்லாக் கொதிச்சதும் அடுப்பைச் சிம்ல வச்சு மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால கிளறி, அடுப்பை அணைச்சு மூடி அஞ்சு நிமிஷம். கை பொறுக்கிற சூட்டுல எண்ணெய் தொட்டு அழுத்திப் பிசையணும். ஆறவிட்டுப் பிசைஞ்சா கட்டி கட்டியா நிக்கும். பிசைஞ்சதை ஈரத்துணி போட்டு மூடுங்க. சொப்பு செய்யச் செய்ய மேல் மாவு காயும், காஞ்ச மாவு வெடிக்கும். ஒரு உருண்டையைத் தட்டிப் பாருங்க. ஓரம் வெடிச்சா வெந்நீர் தெளிச்சு இன்னொரு தடவை பிசைங்க. இதையெல்லாம் நாலு நொடியில காட்டுறது எப்படி? காட்டலையே. மாவு பிசையற இடத்துல ஒரு வெட்டு, அடுத்த காட்சியில பளபளன்னு உருண்டை.

பூரணம் முதல்லயே செஞ்சு ஆறணும். சூடா வச்சா சொப்பு கிழியும். துருவின தேங்காய் ஒரு கப்புக்குப் பொடிச்ச வெல்லம் முக்கால் கப். வெல்லத்தைக் கால் கப்புக்கும் குறைவா தண்ணி விட்டுக் கரைச்சு வடிகட்டுங்க. வடிகட்டலைன்னா பல்லுல மண் கடிபடும். தேங்காய் போட்டுச் சுருண்டு வர்றப்பவே இறக்கிடணும். இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா ஆறினதும் கமர்கட்டு. முன்னாடியே இறக்கினா வேகும்போது பாகு ஒழுகி இட்லித் தட்டு முழுக்கப் பிசுபிசுன்னு. தளர்ந்துபோனா ஒரு ஸ்பூன் அரிசி மாவு போட்டுக் கிளறலாம். கெட்டிப்பட்டுப் போனதுக்கு வழி கஷ்டம்.

உளுந்துப் பூரணத்துக்கு ஊறின பருப்பை ஒட்ட வடிச்சு, மிளகாய், உப்பு, பெருங்காயத்தோட தண்ணி விடாம கொரகொரன்னு அரைச்சு, ஆவியில பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவச்சு, உதிர்த்துத் தாளிக்கணும். அதுக்கும் ஒரு ஈடு இட்லிப் பானை. மேல போட்ட கணக்குல இதைச் சேர்க்கவே இல்லை, பாருங்க.

இன்னொரு விஷயம். இது படையல் சமையல். படைக்கிறதுக்கு முன்னாடி நாக்குல வச்சுப் பார்க்கக்கூடாது. சாம்பார்ல உப்பு சரியா, பாயசத்துல இனிப்புப் போதுமான்னு எதையும் ருசி பார்க்காம, அளவை மட்டும் நம்பி இத்தனை பதார்த்தம் இறக்கணும். வெங்காயம் பூண்டும் கிடையாது. வெங்காயம் இல்லாத சாம்பாருக்கு மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய், தேங்காய் வறுத்து அரைச்சு விட்டாத்தான் கெட்டியா வரும். அந்த வீடியோவுல அவர் கரண்டியை எடுத்து "ஆஹா"ன்னு ருசி பார்த்துட்டு அப்புறம் போய்ப் பிள்ளையாருக்கு வச்சார். பக்தியைப் பத்தி நான் பேசலை. ஆனா அந்த ஒரு வாய்க்காகவாவது பாதி மார்க் குறைக்கணும்.

வடையிலயும் இப்படித்தான். உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல ஊறவிட்டா தண்ணியை உறிஞ்சி வச்சுக்கிட்டு, அப்புறம் எண்ணெயைக் குடிக்கும். தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அரைக்கணும். உப்பைக் கடைசியில போடணும், முன்னாடியே போட்டா மாவு நீர்த்துடும். ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா மிதக்கணும். பாயசத்துல வெல்லம் போட்ட கையோட கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊத்தினா திரிஞ்சுடும், ஆறவிட்டு ஊத்தணும். பருப்பு குழையறதுக்கு முன்னாடி வெல்லம் போட்டுட்டா அதுக்கப்புறம் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் குழையாது. ஆறவிடு, ஊறவிடு, காத்திருன்னு எல்லா இடத்துலயும் நேரம்தான் கேட்குது. ஒரு மணி நேரத்துல ஆகாது!

இப்போ கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு.

"ஆம்பளை சமைச்சா உங்களுக்குப் பொறுக்காதா?" பொறுக்கும். தினமும் சமைக்கச் சொல்லுங்க. அடுத்த கேள்வி.

"கல்யாணத்துல ஐநூறு பேருக்குக் காலையில ஏழு மணிக்குள்ள டிபனே முடிச்சுடறாங்களே?" அங்கே காய் நறுக்க ஒரு கூட்டம், அரைக்க ஒருத்தர், வடை தட்ட ஒருத்தர், பாத்திரத்துக்குத் தனியா ஆள். சம்பளமும் உண்டு. வேலை ராத்திரியே ஆரம்பிச்சிருக்கும். மதுரை மீனாட்சியம்மன் கோயில்ல முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்திக்கு 18 படி அரிசியில ஒரே கொழுக்கட்டை படைக்கிறாங்க. அங்கே போய் யாராவது "ஒரு மணி நேரத்துல முடிங்க"ன்னு கடிகாரம் காட்டுவாங்களா? வீட்டுல ஒருத்தியா நிக்கறவகிட்ட மட்டும்தான் இந்தக் கடிகாரம் நீளுது.

"பாக்கெட் மாவு, ரெடி பூரணம், கடை வடைன்னு வாங்கிக்கலாமே, யார் கஷ்டப்படச் சொன்னா?" இது நியாயமான கேள்விதான். வாங்குங்க, பாவமே இல்லை. இட்லிப் பானையையே எடுக்காத வீட்டுக்கும் பிள்ளையார் வருவார். ஆனா வாங்கி வச்சா என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். "எங்கம்மா கையால பிடிப்பாங்க, அதுல இருந்த ருசியே வேற"ன்னு இலையில உட்கார்ந்தபடியே ஒரு பெருமூச்சு வரும். கடையில வாங்கினாலும் குத்தம், நாள் முழுக்கச் செஞ்சு அலுத்துக்கிட்டாலும் குத்தம். அம்மா கைப்பக்குவமும் வேணும், வீடியோ வேகமும் வேணும்.

"மனசு இருந்தாப் போதும், பிள்ளையாருக்கு அருகம்புல் போதாதா?" போதும்ங்க, சத்தியமா போதும். அவலும் பொரியும் வச்சுக் கும்பிட்டா அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். சொல்றது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. மெதுவடை எங்கேன்னு பிள்ளையார் கேட்டதா எனக்குத் தெரியலை.

எங்க அடுக்ககத்துல ரெண்டாவது மாடியில ஒரு அக்கா. சதுர்த்தி அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே அவங்க வீட்டு கிரைண்டர் சத்தம் கேட்டது. ராகு காலத்துக்கு முன்னாடி படைச்சு, வந்தவங்களுக்கெல்லாம் பரிமாறி, அவங்க உட்கார்றப்ப சாதம் ஆறிப்போச்சு, வடை நமுத்துப்போச்சு. சாயங்காலம் மிச்ச மேல்மாவை வீணாக்காம சின்னச் சின்ன உருண்டையா உருட்டி, வேகவச்சு, கடுகு உளுத்தம்பருப்பு தாளிச்சு அம்மிணிக் கொழுக்கட்டை பண்ணி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாங்க. அதே சாயங்காலம்தான் அவங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அந்த வீடியோ வந்திருக்கு. அனுப்பினவர் அவங்க வீட்டுக்காரர். அக்கா அதுக்குக் கட்டைவிரல் ஒண்ணு போட்டிருக்காங்க. "வேற என்னம்மா போடறது, எல்லாரும் இருக்கற குரூப்பு"ன்னாங்க.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்தப்புறம் எனக்கு மாவும் தோணலை, தண்ணி அளவும் தோணலை. நேரத்தைப் பத்தித்தான் இவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தேன். அந்த வீடியோக்காரர் ரெண்டு மணி நேரம்னு சொல்லியிருந்தா மட்டும் எனக்குச் சரியாகியிருக்குமா? ஆகியிருக்காது. சாப்பிட்டு எழுந்த கையோட அந்த அக்காகிட்ட "வடை நல்லா இருந்துச்சு"ன்னு யாராவது சொல்லியிருந்தா, இந்த வீடியோ வந்தது அவங்களுக்கு உறைச்சிருக்கவே செய்யாது.

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவு நீளப் பதிவா?"ன்னு கேட்பவங்களுக்கு: இதைப் படிக்க ஆகற நேரத்துல ஒரு ஈடு கொழுக்கட்டை வெந்திருக்கும். வெந்த உடனே எடுக்காதீங்க, தட்டோட ஒட்டிக் கிழியும். ரெண்டு நிமிஷம் விட்டு, கையை நனைச்சுக்கிட்டு எடுங்க.

அடுத்து நவராத்திரி வருது. ஒன்பது நாளும் சுண்டல். டேக் பண்ணின அண்ணன்மாருக்கு நல்ல வாய்ப்பு. கொண்டைக்கடலை ஊறப்போடற வேலையை மட்டும் ராத்திரி நீங்க எடுத்துக்கங்க. கல் பார்த்து, ரெண்டு தடவை கழுவி, மூணு பங்கு தண்ணி ஊத்தி வைங்க. விடியறதுக்குள்ள ரெண்டு மடங்காகிடும், அதனால பாத்திரம் பெருசா எடுங்க. பெரிய பாத்திரம் எங்கே இருக்குன்னு மட்டும் தூங்கறவங்களை எழுப்பிக் கேட்காதீங்க.