பிரவுசர்ல வருதா சார்?

"பிரவுசர்ல வருதா சார்? வருதுல்ல? அப்ப நெட் இருக்கு சார்." டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலில், நெட் வரவில்லை என்று ஆபீஸ் ஐடி டீமுக்குப் புகார் டிக்கெட் போட்டால் இதுதான் பதில். டிக்கெட் க்ளோஸ்.

பிரவுசரில் வருவது எனக்கும் தெரியும்யா! ஆபீஸ் நெட் ப்ராக்ஸி என்ற இடைத்தரகு சர்வர் வழியாகப் போகிறது. பிரவுசருக்கு அதற்கென்று பேக் (PAC) ஃபைல் என்று ஒன்று கொடுத்திருக்கிறீர்கள், உள்ளே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன், எந்த முகவரிக்கு எந்த ப்ராக்ஸி, எதற்கு நேரடி என்று பிரவுசர் அதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. டெர்மினலில் இருக்கிற, ஃபைல் இறக்கும் கர்லும் நிரலை ஏற்றி இறக்கும் கிட்டும் அந்த ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் ரிலீஸ் நாளும் அதுவுமாக நான் உட்கார்ந்து, பிரவுசர் செய்ய வேண்டிய வேலையை விரலை வைத்து வரி வரியாகப் படித்து, நம்ம முகவரி எந்த ப்ராக்ஸிக்குப் போகிறது என்று கண்டுபிடித்தேன்.

சரி, முடிந்ததா? எங்கே! ப்ராக்ஸி முகவரியைச் சொல்லிவைக்கும் எச்டிடிபி ப்ராக்ஸி (http_proxy) என்ற வேரியபிளைச் சின்ன எழுத்தில் எழுதினால்தான் கர்ல் படிக்குமாம், எச்டிடிபிஎஸ் என்றால் பெரிய எழுத்தும் ஓகேவாம். (பாதுகாப்புக் காரணமாம். இருக்கட்டும்.) ஜாவாவுக்கு இது எதுவுமே கண்ணில் படாது, சர்வர் பெயர் (ஹோஸ்ட்) தனியாக, அதன் கதவு எண் (போர்ட்) தனியாகத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். ப்ராக்ஸி வேண்டாத முகவரிகளுக்கு மற்றவர்களெல்லாம் கமா கேட்டால் ஜாவா துரைக்கு மட்டும் செங்குத்துக் கோடு. ஆப்களைப் பெட்டி பெட்டியாக ஓட்டுகிற டாக்கரின் பின்னணி புரோகிராமான டீமனுக்குத் தனிக் கவனிப்பு. ஒரே லேப்டாப்பில் ஒருத்தனுக்கொருத்தன் பேச்சுவார்த்தையே கிடையாதா?

எல்லாம் போட்டு என்டர் தட்டினால், போர்ட் நம்பர் தப்பாம். 8080 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதில் என்னடா தப்பு? முறைத்து முறைத்துப் பார்த்ததில் புரிந்தது. பாஸ்வேர்டில் கட்டாயம் ஒரு சிறப்புக் குறி வேண்டும் என்று காலையில்தான் மாற்ற வைத்தார்கள், ஹேஷ் (#) போட்டேன். ப்ராக்ஸி முகவரியில் என் பெயர், பாஸ்வேர்டு, சர்வர், போர்ட் என்று வரிசையாக எழுத வேண்டும்; நடுவில் ஹேஷ் வந்தால் முகவரி அதோடு முடிந்ததாம், ஆகவே என் பெயர்தான் சர்வர், பாஸ்வேர்டின் முன்பாதிதான் போர்ட்! அதை %23 என்று எழுத வேண்டும். குறி போடு என்று மிரட்டுகிறவர்களே அந்தக் குறியை எப்படி எழுதுவது என்றும் ஒரு வரி சொல்லித் தொலைத்தால் என்ன?

இதற்கு நடுவில் வீட்டிலிருந்து போன். லாரித் தண்ணி இன்னும் வரவில்லையாம். மழை பெய்தால் எங்கள் துரைப்பாக்கம் தெருவில் முழங்கால் ஆழம் நிற்கிறது, குழாயைத் திறந்தால் காற்று வருகிறது, மெயின்டனன்ஸ் மட்டும் மாசம் தவறாமல் எகிறுகிறது. அபார்ட்மென்ட் செக்ரட்டரிக்கு போன் போட்டேன்.

"ஆப்ல ஒரு டிக்கெட் போட்டுடுங்க சார்."