அந்த ஒரு நிமிடம் செவிலியருடையது

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு பற்றி நான் படித்த கட்டுரை மருத்துவர்களின் பங்கை மட்டுமே பேசுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவுப் பிரசவத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். குழந்தை பிறந்ததும், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டு உறுதிசெய்து, ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியை 10 யூனிட் போடுகிறார். பிறகு அடிவயிற்றில் கைவைத்து, கருப்பை கிரிக்கெட் பந்துபோல் இறுகிவிட்டதா என்று பார்க்கிறார். ரத்தம் நிற்காவிட்டால், கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெத்தில் எர்கோமெட்ரின் உண்டு. உயர் ரத்த அழுத்தம் உள்ள தாய்க்கு அதைத் தொடவே கூடாது. ரத்தப்போக்கு ஏற்பட்டால், ரத்த உறைவு கரையாமல் காக்கும் டிரனெக்சாமிக் அமிலத்தைப் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். இத்தனையும் அறிந்த செவிலியர் இருந்தும், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காத ஆக்சிடோசின் வீரியம் இழந்திருந்தால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு பிரசவ அறையின் குளிர்பதனப் பெட்டிக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கட்டாயம் வேண்டும்.