ஜாஷ் கிரேவ்ஸின் வலது கை

ஸ்லைடு கிட்டார் என்றதும் எல்லார் கண்ணும் இடது கைக்குத்தான் போகிறது. இரும்புத் துண்டு கம்பி மேல் வழுக்குகிறது, ஸ்வரம் குழைகிறது, கேட்பவர் கிறங்குகிறார். சரிதான். ஆனால் அமெரிக்க நாட்டுப்புற வழியில் வந்த வேகமான புளூகிராஸ் இசையில், டோப்ரோ என்ற இந்த வகை ஸ்லைடு கிட்டாருக்கு நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தது வலது கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஜாஷ் கிரேவ்ஸ். டோப்ரோ என்றால் ஜெர்ரி டக்ளஸ் என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. டக்ளஸ் மேதை, அதில் சண்டையே இல்லை. அவர் நடந்த பாதையை வெட்டியவர் யார் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வாத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாக. மடியில் மல்லாக்க வைத்து, கம்பியை விரலால் அழுத்தாமல் மேலே 'பார்' என்ற ஒரு உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பது. கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மரப்பெட்டிக்குள் 10.5 அங்குல அலுமினியக் கூம்பு, அதன் விளிம்பில் உட்காரும் எட்டுக் கால் ஸ்பைடர் (சிலந்தி வடிவ உலோகத் தாங்கி), அதன் நடுவில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ். கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக ஸ்பைடருக்கும், அதன் கால்கள் வழியாகக் கூம்புக்கும் போகிறது. ஜான் டோப்யெராவும் அவருடைய சகோதரர்களும் 1928இல் இதைக் கொண்டுவந்தது சத்தத்துக்காக. மின்சார கிட்டார் வருவதற்கு முன்பு இரைச்சலான மேடையில் சாதா கிட்டார் எடுபடாது.

மின்சார ஸ்டீல் கிட்டார் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. 1954இல் பட் ஐசக்ஸ் பெடல் ஸ்டீலை, அதாவது காலால் மிதித்துச் சுருதி மாற்றும் ஸ்டீல் கிட்டாரை, ரெக்கார்டில் பிரபலமாக்கிய பிறகு டோப்ரோ பழைய சாமான் ஆகிவிட்டது. நாஷ்வில்லில் கன்ட்ரி பாடகர் ராய் அகஃப் குழுவில் 1939 முதல் இருந்த 'பாஷ்ஃபுல் பிரதர்' ஆஸ்வால்டுதான் அதைப் பெரிய மேடையில் பிடித்துக்கொண்டிருந்த முக்கியமான கை. அவருடைய வாசிப்பு அருமை, ஆனால் ஹவாய் வழியில் வந்த நீண்ட இழுப்பு. புளூகிராஸுக்கு அது ஒத்துவராது. பில் மன்றோ 1940களில் வகுத்துக் கொடுத்த அமைப்பு மாண்டலின், ஃபிடில், பேஞ்சோ, கிட்டார், பாஸ். அதில் டோப்ரோவே கிடையாது. வேகமான உருப்படியில் பேஞ்சோ நொடிக்கு எட்டு ஸ்வரம் கொட்டும்போது, ஒரு ஸ்வரத்தை இழுத்து முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

கிரேவ்ஸ் 1927 செப்டம்பர் 27 அன்று டென்னசியின் டெலிகோ ப்ளெயின்ஸில் பிறந்தவர். கிளிஃப் கார்லைலின் வாசிப்பில் மயங்கி இந்த வாத்தியத்துக்கு வந்தவர், புளூஸ் காதுக்காரர். எஸ்கோ ஹாங்கின்ஸ், மேக் வைஸ்மன், வில்மா லீ - ஸ்டோனி கூப்பர் என்று பல குழுக்களில் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தார். இடையில் பேஞ்சோ மேதை ஏர்ல் ஸ்கிரக்ஸிடமே அவருடைய மூன்று விரல் பேஞ்சோ முறையைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். 1955இல் லெஸ்டர் ஃப்ளாட் - ஏர்ல் ஸ்கிரக்ஸ் குழுவில் சேர்ந்தபோது கொடுத்த வேலை பாஸ் வாசிப்பது. கொஞ்ச நாளிலேயே டோப்ரோவுக்கு மாற்றினார்கள். அது 1969இல் குழு உடையும் வரை நீடித்தது. 1962இல் கார்னெகி ஹால் கச்சேரியிலும் அவர் இருந்தார்.

அந்த வலது கை என்ன செய்தது? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூன்றிலும் பிக் (கம்பியை மீட்ட விரலில் மாட்டும் நகம்). சுருதி தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஜி, பி, டி, ஜி, பி, டி. மெல்லிய கம்பிதான் முதல் கம்பி. கட்டைவிரல் மூன்றாம் கம்பி, ஆள்காட்டி இரண்டாவது, நடுவிரல் முதல் கம்பி. எட்டு ஸ்வரத்தை நாலு நாலாக உடைக்காமல் 'தகிட தகிட தக' என்று உடைக்க வேண்டும். கட்டைவிரல் விழும் இடமெல்லாம் அழுத்தம். தாளம் நேராக ஓட, அழுத்தம் மட்டும் இடம் மாறிக்கொண்டே போகும். ஸ்கிரக்ஸ் பேஞ்சோவின் துள்ளல் வருவது இதிலிருந்துதான். கிரேவ்ஸ் அதை அப்படியே டோப்ரோவுக்குத் தூக்கி வந்தார். பேஞ்சோவில் ஸ்வரம் உடனே செத்துவிடும், டோப்ரோவில் நின்று ரீங்கரிக்கும். ஆகவே அதே உருட்டல் இங்கே வேறு நிறத்தில் கேட்கும். 1957இல் வெளியான 'ஷக்கிங் த கார்ன்' கேளுங்கள். பேஞ்சோ முடித்த இடத்தில் டோப்ரோ எடுக்கும்போது வேகம் துளிகூடக் குறையாது.

இந்த வேகத்துக்கு இடது கையும் மாற வேண்டியிருந்தது. நீளமாக வழுக்க நேரமில்லை, அதனால் சும்மா விட்ட கம்பிகள்தான் துணை. பாரின் மூக்கை மட்டும் ஒரு கம்பியில் இரண்டாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே ஓடும் மெட்டு) கோட்டின் மேல் தட்டினால் ஒரு ஸ்வரம், சட்டென்று பிடுங்கினால் இன்னொன்று. வலது கை ஒரு முறை மீட்டியதற்கு இரண்டு ஸ்வரம் கிடைக்கிறது. இதற்கு உருண்டைப் பார் கையில் நிற்காது. பக்கவாட்டில் பள்ளம் ஓடும் ஸ்டீவன்ஸ் வகைப் பார்தான் விரலுக்குப் பிடி கொடுக்கும். கிரேவ்ஸ் கையில் இருந்ததும் அதுதான்.

புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். பார் முழுவதையும் படுக்க வைத்துத் தட்டுவார்கள், பக்கத்துக் கம்பியும் கூடவே கத்தும். பாரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, மூக்கு மட்டும் படும்படி சாய்க்க வேண்டும். சாதா கிட்டார் பழக்கத்தில் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் வைப்பவர்களுக்குச் சுருதி எப்போதும் தாழ்ந்தே இருக்கும். பார் நேராக ஃப்ரெட் கோட்டின் மேலேயே நிற்க வேண்டும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் கம்பி கீழே வளைந்து ஃப்ரெட்டில் உரசும், சுருதியும் ஏறும். மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்குப் பின்னால் கம்பியைத் தொட்டபடி இழுபட்டு வர வேண்டும். அது இல்லாவிட்டால் பாருக்குப் பின்பக்கக் கம்பி தனியாக ஒரு இரைச்சல் போடும்.

என் தீர்மானமான கருத்து: முதல் மூன்று மாதம் பாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம், வெறும் கம்பியில் தகிட தகிட தக. சத்தம் மூன்று விரலிலும் சமமாக வந்த பிறகு ஐந்தாம் ஃப்ரெட்டில் சி, ஏழில் டி, பன்னிரண்டில் மறுபடி ஜி. எண்ணற்ற பாட்டுக்கு இது போதும். நம் ஊர்ப் பையன்கள் முதல் நாளே அசைவு, கமகம் என்று இறங்கி, தாளம் நொண்டியடிக்க அழகாக அழுதுகொண்டிருப்பார்கள். மைனர் கார்டு இந்தச் சுருதியில் முழுசாகக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈ மைனர் வேண்டுமென்றால் மூன்றாம், இரண்டாம் கம்பிகளைச் சும்மா விட்டு, முதல் கம்பியில் மட்டும் இரண்டாம் ஃப்ரெட்டில் பார்.

வாத்தியம் வாங்குபவர்களுக்கு: கழுத்து சதுரமாக இருப்பதை வாங்குங்கள். சாதா கிட்டாரில் நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) உயர்த்தி வைத்துப் பழகலாம், ஆனால் கம்பி செட்டை மாற்றியே ஆக வேண்டும். சாதா செட்டின் ஆறாம் கம்பியை ஈயிலிருந்து ஜிக்கு ஏற்றினால் கம்பி அறுந்துவிடும், அல்லது கழுத்து வளையும். டோப்ரோ செட் பொதுவாக .016, .018, .026, .036, .046, .056. சுருதியை ஏற்றக் கம்பிகளில் மாட்டும் கேப்போவும் வேறு. கம்பி ஃப்ரெட்டிலிருந்து வெகு உயரத்தில் இருப்பதால், கம்பிக்கு மேலும் கீழும் பிடித்து நிற்கும் தனி வகைதான் ஆகும்.

கரகரவென்று சத்தம் வந்தால் வாத்தியத்தைத் திட்டாதீர்கள். கம்பியைத் தளர்த்தி, மேல்தட்டின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். கூம்பு தன் விளிம்பில் சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது ஸ்பைடரின் எட்டுக் கால்களில் ஒன்று கூம்பைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இரண்டும் சரி என்றால் நடுத்திருகைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அதுவே ஆடிச் சத்தம் போடும், அதிகம் இறுக்கினால் கூம்பு மூச்சு முட்டி ஒலி செத்துப்போகும். மெல்லப் பிடிக்கும் வரை திருகி, பிறகு கால் சுற்று. கூம்பின் நடுவில் விரலால் அழுத்திப் பார்க்கும் ஆர்வம் எல்லாருக்கும் வரும். அது மெல்லிய தகடு, ஒரு முறை நெளிந்தால் புதிதுதான் வாங்க வேண்டும்.

மறுபடி கிரேவ்ஸ். பக்கவாத்தியக்காரர் வாழ்க்கைதான் அவருடையது. அட்டையில் பெயர் ஃப்ளாட்டுக்கும் ஸ்கிரக்ஸுக்கும், ஒலியில் பாதி இவருடையது. குழு உடைந்த பின் முதலில் ஃப்ளாட்டோடு, பிறகு ஸ்கிரக்ஸின் மகன்கள் இருந்த ரெவ்யூ குழுவில், அப்புறம் தனியாகவும் மன்றோவின் முன்னாள் ஃபிடில்காரர் கென்னி பேக்கரோடு சேர்ந்தும் வாசித்தார். புளூகிராஸ் சங்கத்தின் கௌரவப் பட்டியலில் 1997இல்தான் சேர்த்தார்கள். 2006இல் காலமானார்.

அவருக்குப் பின் வந்த இருவரையும் பாருங்கள். 1971இல் செல்டம் சீன் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக் ஆல்ட்ரிட்ஜ் டோப்ரோவுக்குப் பட்டுப்போன்ற மென்மையைக் கொடுத்தவர். அவருக்கு நல்ல டோப்ரோவை விற்றதே கிரேவ்ஸ்தான். 1956இல் ஒஹாயோவின் வாரனில் பிறந்த டக்ளஸ், சிறுவனாக ஃப்ளாட் - ஸ்கிரக்ஸ் கச்சேரியில் கிரேவ்ஸைப் பார்த்துத்தான் டோப்ரோவைப் பிடித்தார். பதின்ம வயதிலேயே கன்ட்ரி ஜென்டில்மென், 1975இல் ஜே.டி. குரோவின் ஆல்பம், பிறகு அலிசன் கிராஸ் குழு. 1995இல் மோகன வீணை வாசிக்கும் விஸ்வமோகன் பட்டோடும் பாஸ் வாசிக்கும் எட்கர் மேயரோடும் ஒரு ஆல்பம். அதில் பட்டின் நீண்ட இழுப்புக்குப் பக்கத்தில் டக்ளஸின் கட்டைவிரல் எங்கே விழுகிறது என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

டட் டெய்லர் ஒரே ஒரு தட்டைப் பிக்கால் டோப்ரோ வாசித்துப் பெயர் வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கினார். அந்த வழியில் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல்களே மிச்சம்.