வேலைக்காரிக்கும் சேர்த்துத்தான் அந்தக் கற்பனை

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துவிடுவார். நாங்கள் எட்டரை மணி ஆராதனைக்குக் கிளம்ப வேண்டுமே! 11 வருஷமாக இதுதான் வழக்கம். போன மாதம் ஒரு ஞாயிறு, நல்ல மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். "ஏன்க்கா, மழை விட்டதும் வந்திருக்கலாம்லா?" என்று கேட்டேன். "நீங்க கோயிலுக்குப் போணும்லா டீச்சர்" என்றார்.

அன்றைக்கு ஆராதனையில் வேதாகமத்தின் பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, வாசித்தார்கள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கற்பனை 'நீயும் உன் மகனும் மகளும்' என்பதோடு நிற்பதில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் வேலை செய்யக் கூடாது என்கிறது. எருதையும் கழுதையையும்கூட விடவில்லை உபாகமம் 5-ஆம் அதிகாரம். நீ இளைப்பாறுவதுபோல அவர்களும் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்திலே அடிமையாய் இருந்தாய் என்று அங்கே காரணமும் சொல்லியிருக்கிறது. எத்தனை வருஷம் இதைச் சொல்லியிருப்பேன்! நான் ஓய்வுநாளை ஆசரிக்க, இன்னொருத்தி விடியும் முன்னே எழுந்து மழையில் ஓடி வருகிறாள். அதற்குமேல் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை.

சம்பள விஷயமும் அப்படித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் கவர் சபைக்குத் தவறாமல் போய்விடும். அக்காவின் சம்பளம் ஐந்தாம் தேதி, ஏழாம் தேதி, சில மாதம் பத்துகூட ஆகியிருக்கிறது. அவரும் வாய் திறந்து கேட்டதில்லை. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. பிடித்துவைத்த கூலியே கர்த்தரை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதுகிறார். உபவாசக் கூட்டங்களில் மணிக்கணக்கில் ஜெபிக்கிறோம். நம் வீட்டிலிருந்து எந்தச் சத்தம் கர்த்தர் காதுக்கு முதலில் போயிருக்கும்?

எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவருக்கென்று எங்கள் வீட்டில் தனி டம்ளர் இருந்தது. திருவிருந்தில் திராட்சரசத்தை ஒரே பாத்திரத்தில் பருகிவிட்டு வருகிறவர்கள் நாங்கள். நம் சபைகளுக்கு இது பழைய வியாதி. தரங்கம்பாடியில் மிஷனரிகள் சபை நடத்திய காலத்திலேயே சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தவர்கள்தானே. சபைக்குள் சாதி உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் எழுதியபோது, சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. நாங்கள் சபையை விட்டுப் போகவில்லை, அடுப்படியில் டம்ளரைப் பிரித்து வைத்துக்கொண்டோம். இரண்டும் ஒரே பாவம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டம்ளரைத் தூக்கிப் போட்டாயிற்று. அத்தை இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சம்பளம் இப்போது ஒன்றாம் தேதியே, காணிக்கைக் கவருக்கு முன்னால். ஞாயிறு சம்பளத்தோடு லீவு. சனி ராத்திரிப் பாத்திரங்களை என் வீட்டுக்காரரும் பையன்களும் தேய்க்கிறார்கள். முதல் வாரம் ஆரம்ப ஜெபம் முடிந்துதான் கோயிலுக்குள் நுழைந்தோம். பரவாயில்லை.

"நீங்க இப்படிச் செஞ்சா மத்த வீட்டுலயும் கேப்பாங்களே" என்று தெரிந்தவர் ஒருவர் வருத்தப்பட்டார். கேட்கட்டும். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டியது.

போன திங்கட்கிழமை, "நேத்தாவது கொஞ்சம் தூங்குனீங்களாக்கா?" என்று கேட்டேன். "எங்க டீச்சர்? மத்த ரெண்டு வீட்டுக்கும் போணும்லா, அவங்களும் கோயிலுக்குப் போறவங்கதான" என்றார். இரண்டு குடும்பமும் எங்கள் சபைதான். வருகிற சனிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதைப் பேச ஆயரின் மனைவி ஆயரம்மாவிடம் பத்து நிமிஷம் கேட்டிருக்கிறேன்.