ரத்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது கணினிக் கணிப்பு

“வயதையும் எடையையும் செயலியில் பதிந்தால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கணினியே சொல்லிவிடும், இனி ரத்தப் பரிசோதனை வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

இப்படிக் கணிக்கக் கணினியைப் பழைய விவரங்களைக் கொண்டு பழக்குவதே இயந்திரக் கற்றல். அதன் பயிற்சிகளில் பரவலாகப் பயன்படும் பீமா தரவுத்தொகுப்பு, அமெரிக்காவின் பீமா பழங்குடியைச் சேர்ந்த, 21 வயதும் அதற்கு மேலும் ஆன 768 பெண்களின் விவரங்களை மட்டுமே கொண்டது. அதன் எட்டு அளவீடுகளில் ஒன்று, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தச் சர்க்கரை என்பதை அதன் விளக்கக் குறிப்பிலேயே பார்க்கலாம்; அதாவது, அந்தக் கணிப்புக்கே ரத்தப் பரிசோதனை தேவைப்படுகிறது. அதில் இன்சுலின் அளவுக்கான பத்தியில் 374 பேருக்குப் பூஜ்ஜியம் என்றிருப்பது, அளவு பதிவாகவில்லை என்பதையே காட்டுகிறது.

யாரை முதலில் பரிசோதிக்கலாம் என்று காட்ட இக்கணிப்புகள் உண்மையிலேயே உதவும். நோயை உறுதிசெய்வதோ, உலக சுகாதார நிறுவன வரையறைப்படி, வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை போன்ற ரத்த அளவுகளே. அச்செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.