அறிகுறி இல்லையென்றால் பரிசோதனை எதற்கு?

இளையர்களிடையே பாலியல் தொற்று பற்றிய ஒரு கட்டுரைக்குக் கீழே ஒருவர், "எரிச்சலும் இல்லை, சீழும் இல்லை, அப்புறம் பரிசோதனை எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். கிளமிடியா என்ற பாலியல் தொற்று பெரும்பாலும் எதையுமே காட்டாது. பெண்களுக்குச் சத்தமில்லாமல் கருக்குழாய் வரை ஏறிவிடும்.

பாதுகாப்பற்ற உறவுக்கு மறுநாளே டிஎஸ்சி கிளினிக்குக்கு (சிங்கப்பூரின் பாலியல் தொற்று மருந்தகம்) ஓடிச் சோதிப்பதிலும் பயனில்லை. கிளமிடியா, கொனோரியாவுக்கு 2 வாரம் கழியட்டும். சிபிலிஸுக்கு 3 மாதத்தில் இன்னொரு முறை இரத்தம் கொடுங்கள். எச்ஐவி பயம் இருந்தால் மட்டும் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போகவேண்டும், அது தடுப்பு மருந்துக்காக.

ஆண்கள் பலர் கோட்டைவிடுவது சிறுநீர் கொடுப்பதில்தான். ஒரு மணி நேரமாவது அடக்கி, முதலில் வரும் சுமார் 20 மில்லியைப் பிடியுங்கள். நடுவில் பிடித்தால் கிருமி கழுவிப் போயிருக்கும். வாய்வழி உறவென்றால் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். தொண்டையில் உள்ள கொனோரியா சிறுநீரில் தெரியாது.

கிளமிடியாவுக்கு வழக்கமான மருந்து டாக்ஸிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, 7 நாள் (கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து). தே தாரிக் போன்ற பால் தேநீரோடு விழுங்காதீர்கள், பால் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். மாத்திரை ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகும். துணையும் சிகிச்சை எடுக்காவிட்டால் பிங்பாங் பந்துபோலத் தொற்று திரும்பி வரும்.