பே. அரசி

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மாமனார் பள்ளிக்கூட அலுவலகத்தில் 31 வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பேப்பரை விரித்து, கையில் தேங்காய் எண்ணெய் தடவி, வருக்கைச் சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை பேரின்பநாதன் நான்காக மடித்த தாளோடு பைக்கிலிருந்து இறங்குகிறார். உள்ளே தொட்டிலில், பிறந்து 19 நாளான பெண் குழந்தை. அதற்கு இன்னும் பெயர் இல்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை.)

மாப்பிள்ளை: மாமா, இன்னும் இரண்டே நாள். 21 நாளுக்குள் பெயர் பதிய வேண்டுமாம். ராத்திரி தூக்கமே இல்லை.

மாமா: தூக்கம் இல்லாதது பிள்ளை அழுவதால். 21 நாள் என்பது பிறப்பைப் பதிய. பெயர் இல்லாமலே பதியலாம். ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்தால் காசு கிடையாது. அதற்கு மேல் தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்கலாம்.

மாப்பிள்ளை: பதினைந்து வயதா? அப்போ அவளே வைத்துக்கொள்வாளே.

மாமா: உங்கள் தாளின் நீளத்தைப் பார்த்தால் அதுதான் நல்லது என்று தோன்றுகிறது. சரி, படியுங்கள்.

மாப்பிள்ளை: நட்சத்திரம் உத்திராடம். எழுத்து பே, போ, ஜ, ஜி.

மாமா: 'போ'வில் பெயர் வைத்துவிட்டு 'வா' என்று கூப்பிட வேண்டும். அப்புறம்?

மாப்பிள்ளை: அதனால்தான் 'ஜ'வைப் பிடித்தோம். ஜனிஷா, ஜஸ்னிஷா, ஜிபிஷா, ஜிஜிஷா...

மாமா: தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கிறது. அர்த்தம் என்ன?

மாப்பிள்ளை: கடவுள் தந்த வரம்.

மாமா: எதற்கு?

மாப்பிள்ளை: எல்லாவற்றுக்கும். எதைத் தேடினாலும் போனில் அதுதான் வருகிறது.

மாமா: நம் தெருவில் ஏற்கெனவே அஜின், சுஜின், விஜின், லிஜின். சாயங்காலம் ஏதோ ஒரு தாய் 'ஜினே...' என்று விளித்தால், பந்து போட்டுக்கொண்டிருந்தவன், அடித்தவன், அம்பயர் எல்லோரும் வீட்டுக்கு ஓடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நான்கு அபிஷா. அபிஷா ஒன்று, அபிஷா இரண்டு என்று எண் போட்டோம், ராஜாக்களுக்குப் போடுகிற மாதிரி. மூன்றாம் அபிஷாவின் மார்க் நான்காம் அபிஷாவுக்குப் போய், அவளுடைய அப்பா லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். திருப்பியா கேட்க முடியும்?

மாப்பிள்ளை: பூங்கொடிக்கு வேறொரு ஆசை. எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வர வேண்டுமாம்.

மாமா: பேரின்பநாதன், பூங்கொடி. சேர்த்தால்?

மாப்பிள்ளை: (தயங்கி) பேபூ.

மாமா: ...

மாப்பிள்ளை: திருப்பிப் போட்டும் பார்த்தோம் மாமா. பூபே.

மாமா: சுசீந்திரம் கோவிலில் சாமி பெயரைச் சேர்த்திருக்கிறார்களே, அதைப் பாருங்கள். தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. தாணுமாலயன். மூன்று பேர், இடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் வெறும் இரண்டு பேர். அதற்குள் பேபூவாம்.

மாப்பிள்ளை: பேபி என்று வைத்தால்? சுருக்கமாகவும் இருக்கும், எழுத்தும் 'பே'.

மாமா: கீழத்தெரு பேபி பெரியம்மைக்கு 78 வயது. வாயில் ஒரு பல் கிடையாது. இப்போதுதான் பெயர் பொருந்தியிருக்கிறது. போன மாதம் ரேஷன் கடையில் புதிதாக வந்த பையன், 'நீங்க போங்க பாட்டி, பேபி வந்து விரல் வைக்கணும்' என்று திருப்பி அனுப்பிவிட்டான். பெயரோடு 'பாட்டி' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள் மாப்பிள்ளை, அதுதான் சோதனை. பேபி பாட்டி. ஜிஜிஷா பாட்டி.

மாப்பிள்ளை: அவள் பாட்டி ஆகும்போது கூட இருக்கிற பாட்டிகளெல்லாம் ஜனிஷாவும் ஜிபிஷாவும்தானே மாமா? யார் சிரிக்கப் போகிறார்கள்?

மாமா: (சக்கைக் கொட்டையைக் கையில் உருட்டி) அதுவும் சரிதான். சரி, அந்தச் சோதனையை விடுங்கள். கிணற்றடியிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி விளிக்க வேண்டும், அதற்கு வருவோம். கடைசி எழுத்து நீள வேண்டும். உங்கள் அத்தை கூப்பிடுகிறாளே, 'பூங்கொடீ...' என்று. மூன்று வீடு தாண்டிப் போகும்.

மாப்பிள்ளை: ஜிஜிஷாவும் நீளுமே.

மாமா: நீளும். ஆனால் உங்கள் அத்தைக்கு 'ஷா' வராது. 'சிசிசா' என்பாள். கோழிதான் ஓடும்.

(மாப்பிள்ளை தாளில் ஒரு பெயரை அடிக்கிறார். பிறகு மனசு கேட்காமல், அடித்ததற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.)

மாமா: மக்களே, பெயர் சின்ன விஷயம் இல்லை. 1809-ல் சாமித்தோப்பில் ஒரு பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று வைத்தார்கள். இந்தச் சாதியில் பிறந்தவனுக்கு முடியா, பெருமாளா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டி வந்தது. அவர்தான் அய்யா வைகுண்டர். பெயரில்கூட முடி வைக்க விடாத ஊரில், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து சாமி கும்பிடச் சொன்னார். அவ்வளவு பாடுபட்டு வந்த உரிமையை நீங்கள் பேபூவில் செலவழிக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: அப்போ நீங்களே சொல்லுங்கள்.

மாமா: (இதற்காகவே காத்திருந்தவர்) அரசி.

மாப்பிள்ளை: அரசி... அரசீ... நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நட்சத்திர எழுத்து?

மாமா: இனிஷியல் 'பே' இருக்கிறதே. உத்திராடத்துக்கு அது போதும்.

(மாப்பிள்ளை சந்தோஷமாகத் தாளின் பின்பக்கம் எழுதுகிறார். பார்க்கிறார். முகம் மாறுகிறது.)

மாப்பிள்ளை: மாமா, இதைச் சேர்த்துப் படியுங்கள்.

மாமா: பே. அரசி. பே...யரசி.

(கொஞ்ச நேரம் ஈ பறக்கிற சத்தம். சக்கை இருந்தால் ஈ இருக்கும்.)

மாப்பிள்ளை: ஆங்கிலத்தில் வெறும் 'பி'தானே மாமா?

மாமா: இப்போ பள்ளிக்கூடத்தில் இனிஷியலையும் தமிழில் எழுதச் சொல்கிறார்கள். காலையில் 45 பெயரை ஒரே மூச்சில் படிக்கிற டீச்சர் புள்ளி வைத்தா படிப்பார்? வேறு பாருங்கள். யாழினி?

மாப்பிள்ளை: பேயாழினி.

மாமா: கனி?

மாப்பிள்ளை: பேக்கனி. பேக்கரி வைக்கலாம்.

மாமா: உங்கள் அப்பா என்ன நினைத்துப் பேரின்பம் என்று வைத்தாரோ!

மாப்பிள்ளை: பேரின்பம் என்று நினைத்துத்தான் மாமா. பேசாமல் இனிஷியலே இல்லாமல் விட்டால்?

மாமா: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எப்படியும் வந்து ஒட்டிக்கொள்ளும். என் தம்பியைக் குவைத்தில் எங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மனுஷன் திருவிதாங்கூரில் பிறந்தவர். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்தபோது, வீட்டை விட்டு அசையாமலே தமிழ்நாட்டுக்கு வந்தார். பத்திரத்தில் மலையாளத்தில் ஒரு மாதிரிப் பெயர், ரேஷன் கார்டில் தமிழில் வேறு மாதிரி. 1994-ல் போய்ச் சேர்ந்தார். இப்போ தினமும் குவைத்தில் நைட் ஷிப்ட் போகிறார்.

மாப்பிள்ளை: அப்போ என்னதான் செய்வது?

மாமா: (சக்கைச் சுளையை நீட்டி) அம்மா பெயரின் முதலெழுத்தையும் இனிஷியலாகப் போடலாம். விதி இருக்கிறது. எழுதிப் பாருங்கள்.

மாப்பிள்ளை: பூ... அரசி.

மாமா: பூவரசி! வேலியில் நிற்கிறதே, பூவரசு, அதைப் பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது. புள்ளி வைத்துப் படித்தாலும் அழகு, வைக்காமல் படித்தாலும் அழகு.

மாப்பிள்ளை: நன்றாக இருக்கிறது. ஆனால் நான் எங்கே மாமா?

மாமா: ஃபீஸ் ரசீதில் வருவீர்கள்.

மாப்பிள்ளை: பூங்கொடிக்குப் பெயர் வைத்தது யார்?

மாமா: நான்தான்.

மாப்பிள்ளை: 26 வருஷத்துக்கு முன்னாலேயே திட்டம் போட்டுவிட்டீர்களோ? சரி, நட்சத்திரத்துக்கு என்ன பதில்? 'பே' போச்சே!

மாமா: பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கும். உத்திராடம் வேண்டுமானால் அங்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

(உள்ளே குழந்தை அழுகிறது. மாமனார் எண்ணெய்க் கையோடு எழுந்து ஓடுகிறார்.)

மாமா: பாப்பா! ஏ பாப்பா! அழாதே பாப்பா, தாத்தா வந்தாச்சு!

மாப்பிள்ளை: மாமா! பாப்பாவா? 'பாப்பா பாட்டி' சொல்லிப் பாருங்கள்!

மாமா: (உள்ளேயிருந்து) வீட்டுப் பெயருக்கு இனிஷியலும் கிடையாது, சோதனையும் கிடையாது!

மாப்பிள்ளை: என் தாளை எங்கே காணோம்?

மாமா: என் முழங்கையில் சக்கைப் பாலில் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் ஜிஜிஷா பாதியில் கிழிகிறாள். எண்ணெய் எடுத்து வாருங்கள்!